கவிழ்த்துப் போட்ட ஆக்ஸில்

எனக்கு ஒரு நாளைக்கு மூன்று கேள்விதான் அனுமதி. அந்தச் சட்டத்தைப் போட்டவர் என் வீட்டுக்காரர் கஜபதி. குமணன்சாவடியில் அவருக்கு ஒரு லாரி ஷெட் இருந்தது. நான் அம்பத்தூரில் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில், செய்து வந்ததைச் சரிபார்க்கிற இடத்தில் வேலை பார்த்தேன். ஒரு பல் மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்புப் பெயின்ட்டைத் தடவித் தூக்கி எறிந்துவிடுவேன். காலை ஆறு மணி ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், சேக்காட்டில் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்குத்தான் பஸ் ஏறுவேன். வீட்டில் என்ன இருக்கிறது, அதே நாலு பாத்திரம். ஷெட்டில் தினமும் ஏதாவது ஒரு வண்டி வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. இது ஏன் இங்கே இருக்கிறது, அது ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று துளைத்துவிடுவேன்.

டீக்கடையில் எவனோ கேட்டிருக்கிறான், "இன்னா கஜபதி, பொண்டாட்டி வந்து செக் பண்ணாத்தான் உன் வண்டில நட்டு டைட் ஆவுமா?" என்று. அன்றைக்கே வந்து சட்டம் போட்டார்.

"தபாரு பார்வதம், ஒரு நாளைக்கு மூணு கேள்வி. நாலாவது கேட்டேன்னு வெச்சிக்க, வாயே தொறக்க மாட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சரிதான் போய்யா, உன் பதில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காதா என்று வீம்பாக மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் நடந்ததற்கு அவர் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அந்த வீம்புதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எண்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். வேம்புலியம்மாள் ஷெட்டுக்கு வந்தாள். பட்டாபிராமுக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையின் கீழே அவளும் அவள் தங்கை கண்ணம்மாவும் இன்னும் நாலு குடும்பமும் சேர்ந்து செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மண் கிடைப்பது பள்ளத்தில். கல் அறுத்துக் காயவைப்பதும் அங்கேதான். கூரை போட்ட சூளை மட்டும் மேட்டில். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஒற்றை வண்டித்தடம். எப்போதும் மாட்டுவண்டியில் கல் ஏறும். அந்த வருஷம் மதகு ஒழுகித் தடம் முழுக்கச் சேறாகிவிட்டது. மாடு முழங்கால் வரை இறங்கியது. வாடகைக்குக் கூப்பிட்ட லாரி பாதி ஏற்றத்தில் புதைந்து, அதை இழுக்க இன்னொரு லாரி வந்து அதுவும் புதைந்தது.

"முப்பதாயிரம் பச்சக் கல்லு கீது நைனா," என்றாள் வேம்புலியம்மாள். "சூளைல வேகற வரைக்கும் அது கல்லு இல்ல, மண்ணுதான். ஐப்பசி மழ ஒரே ராத்திரி பேஞ்சா போதும், ஆறு குடும்பத்தோட கை வேலை குட்டையில பூடும். நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி ஒரு வண்டி கட்டிக் குடு."

ஷெட்டின் பின்னால் ஒரு பழைய ராணுவ லாரி கிடந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது. ஆக்ஸில் இரண்டும் உடைந்துபோனவை. ஆக்ஸில் என்பது இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்க்கிற கனத்த இரும்புக் குழல். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற பல்சக்கரங்கள் அதில் புடைத்த ஓர் உருண்டைக்குள் இருக்கும். கஜபதி அதைத் தொப்பை என்பார். பூந்தமல்லி ஷவுகத் அலி பாய், எங்கள் ஷெட்டின் லேத்து வேலையெல்லாம் அவர்தான், பட்டாபிராமில் ராணுவக் கழிவு விற்கிற ஒரு யார்டில் தேடி, வேறு வேறு வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு ஆக்ஸிலைக் கொண்டுவந்து இறக்கினார்.

அந்த இரண்டையும் சுத்தம் பண்ணினோமே, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. டீசலை ஊற்றிக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் விரற்கடை கனத்துக்கு அழுக்கு உரிந்தது. தொப்பையைத் திறந்தபோது உள்ளே பழைய எண்ணெயோடு பொடிப் பொடியாக வெளுத்த மணல் இருந்தது. இந்தப் பக்கத்து மணல் இல்லை, மாவு போல நைசாக இருந்தது.

"இது எந்த ஊர் மண்ணு?" முதல் கேள்வி.

"ராஜஸ்தான் பக்கமா இருக்கும் தங்கச்சி," என்றார் பாய். "பாலைவனத்துல ஓடியிருக்கும்."

ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் ஓடியது இனிமேல் சேற்றில் ஓடப்போகிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பல்லையெல்லாம் துடைத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட உதிரவில்லை. எங்கள் கம்பெனியில் இதைச் செய்திருந்தால் சிவப்புப் பெயின்ட் தொடாமல் வெளியே போயிருக்கும்.

வண்டி உயரமாக நின்றால்தானே சேற்றில் வயிறு இடிக்காது? அதற்காக ஸ்ப்ரிங் பட்டையை ஆக்ஸிலின் கீழே கட்டாமல் மேலே உட்காரவைக்க வேண்டும். ஸ்ப்ரிங் உட்காருகிற பழைய இருக்கையை வெட்டி எறிந்து, வழவழவென்று தேய்த்து, புது இருக்கையைக் குழலின் மேல்பக்கம் வெல்டிங் வைக்க வேண்டும். கஜபதி குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டினார். "ஏன்?" என்றேன். சூட்டில் குழல் வளைந்தால் நூல் காட்டிக்கொடுக்கும் என்றார். விரல் நீளத்துக்கு வெல்டிங் வைத்தார், நிறுத்தினார், எதிர்ப்பக்கம் போய் விரல் நீளம் வைத்தார். "ஒரே இழுப்பா வெச்சா இன்னா?" என்றேன். "வாழக்கா மாதிரி வளைஞ்சிக்கும்," என்றார். சூடாக இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி மூடினார், மெல்ல ஆற வேண்டுமாம். மனுஷருக்கு முன்கோபம் இருக்கிறதே தவிர, கை பொன்னான கை. அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது.

முன் ஆக்ஸிலில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதன் தொப்பை இடப்பக்கம். எங்கள் வண்டியின் கியர்பாக்ஸிலிருந்து முன்னால் வருகிற தண்டோ வலப்பக்கம். இரண்டும் சந்திக்காது. கஜபதி இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது தொப்பை வலப்பக்கம் வந்திருந்தது! குழலின் இரண்டு முனையிலும் இருந்த மூட்டுகளை மாற்றிப் போட்டு, ஸ்ப்ரிங் இருக்கையும் வைத்து, எல்லாம் முடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் சுற்றிச் சுற்றி வந்தேன். தொப்பையின் மேல் வார்ப்பிலேயே வந்த எழுத்துகள் இருந்தன. எல்லாம் தலைகீழாக நின்றன. எண்ணெய் ஊற்றுகிற மூடி கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, எழுத்தெல்லாம் தலகீயா கீது?"

"இது நாலாவது," என்றார் கஜபதி. ஆமாம், வந்ததும் வராததுமாக டீ வந்ததா, பாய் எங்கே, வேம்புலியம்மாள் வந்தாளா என்று மூன்றையும் வீணாக்கியிருந்தேன். அதெல்லாம் ஒரு கேள்வியா? ஆனால் சட்டம் சட்டம் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மனசில் மட்டும் அந்த எழுத்து கவிழ்ந்தபடியே கிடந்தது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வண்டி முடிந்தது. பின்சக்கரம் மட்டும் இழுக்கப் பூந்தமல்லி வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜம்மென்று போய்வந்தது. முன்சக்கர இழுப்பைச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும், தார் ரோட்டில் சேர்த்தால் பல் தேயும் என்று அதைத் தொடவில்லை. திரும்பி வந்ததும் சேற்றுக்கான முரட்டு டயர் போடுவதற்காக நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். டயரைப் பூட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் ஆயுத பூஜை. கழுவித் துடைத்து வைத்தாகிவிட்டது என்றால் ஒரு ஸ்பானரைக்கூட யாரும் தொடக் கூடாது, விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். பாய்கூட அன்றைக்கு லேத்தை ஓட்ட மாட்டார். "மெசினுக்கும் ஒரு நாள் லீவு வேணும்ல," என்பார். ஆகவே வண்டி கட்டைமேலேயே நின்றது.

பொட்டு வைப்பது என் வேலை. அதற்குக் கேள்விக் கணக்கு கிடையாது. வெல்டிங் மெஷின், சுத்தியல், ஜாக்கி என்று ஒன்றையும் விடவில்லை. லாரிச் சக்கரம் நாலிலும் சரியாக உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். நாலு பொட்டும் ஒரே மாதிரி நேராக நிற்க வேண்டும் என்று நாலு தடவை நடந்து பார்த்துக்கொண்டேன். கம்பெனிப் புத்தி.

விஜயதசமி காலை. வேம்புலியம்மாள் பொரிகடலைக் கூடையோடு வந்திருந்தாள். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. கஜபதி கற்பூரம் ஏற்றினார், பூசணிக்காய் உடைத்தார், ஏறி எஞ்சினை உசுப்பினார். கட்டையில் நிற்கும்போதே நாலு சக்கரமும் சுற்றட்டும் என்று முன்சக்கர லிவரையும் தள்ளி, முதல் கியர் போட்டு கிளட்சை மெல்ல விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பாய் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேம்புலியம்மாள் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரத்துப் பொட்டு முன்பக்கமாக இறங்கியது. முன்சக்கரத்துப் பொட்டு பின்பக்கமாக இறங்கியது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த பக்கம் ஓடினேன். அங்கேயும் அப்படியே. "நிறுத்துய்யா!" என்று கத்தினேன். "நிறுத்து! முன்னாடி சக்கரம் ரிவர்ஸ்ல சுத்துது!"

"பேஜார் பண்ணாத பார்வதம், நல்ல நாளும் அதுவுமா."

"எறங்கி வந்து பாருய்யா என் பொட்ட!"

இறங்கி வந்தார். பாய் ஏறி மெல்ல ஓட்டிக் காட்டினார். கஜபதி முன்சக்கரத்தைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷம் தொழில் செய்த மனுஷர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து என் கோபமெல்லாம் எங்கே ஓடியதோ தெரியவில்லை.

பாய்தான் வேம்புலியம்மாளுக்கு விளக்கினார். சாணை பிடிக்கிற மெஷினை ஓடவிட்டு, "இந்தப் பக்கம் நின்னு பாரு தாயி, கல்லு வலமா சுத்துது. அந்தப் பக்கம் போயி நின்னு பாரு," என்றார். அவள் போய் நின்றாள். அதே கல் இடமாகச் சுற்றியது. "தொப்பைய வலப்பக்கம் கொண்டாரதுக்கு ஆக்ஸிலக் கவுத்துப் போட்டோம். உள்ள கீற பல்லுக்குப் பக்கம் மாறிடிச்சி. முன்னாடிச் சக்கரம் பின்னால இழுக்குது, பின்னாடிச் சக்கரம் முன்னால தள்ளுது. சேத்துல விட்டா நின்ன எடத்துல குழி தோண்டிக்கும்."

வார்ப்பு எழுத்து தலைகீழாக நின்ற காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலாவது கேள்வியை மறுநாள் முதல் கேள்வியாகக் கேட்டிருந்தால்? வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேனா?

"எத்தினி நாள் ஆவும் நைனா?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள்.

"வேற கியர்பாக்ஸ் தேடணும், இடப்பக்கம் தண்டு வர்ற மாதிரி. கெடைச்சா பத்து நாள்," என்றார் கஜபதி தலையைத் தூக்காமல்.

அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. வானத்தைப் பார்த்தாள். பிறகு பொரிகடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பத்து நாள்ல அங்க கல்லே இருக்காது," என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"பின்னாடி ஆக்ஸிலையும் கவுத்துட்டா இன்னா ஆவும்?"

கஜபதி எரிச்சலோடு நிமிர்ந்தார். "நாலும் ஒரே பக்கம் சுத்தும். வண்டி பின்னாடி போவும்."

"ரிவர்ஸ் கியர் போட்டா?"

"முன்னாடி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அந்த ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுவ?"

"மொத கியர்தான். ஊர்ந்துகினுதான் ஏறணும்." என்னையே பார்த்தார். மூன்று கேள்வி முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"இன்னும் இன்னாமே? கேளேன்!"

"ரிவர்ஸ் கியரும் மொத கியர் வேகந்தான?"

பாய் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வண்டிக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர்! ரோட்டில் விட்டால் ஊரே கூடி நின்று சிரிக்கும். ஆனால் அந்தத் தடத்தில் வண்டி திரும்ப இடமே இல்லை. பாரத்தோடு முன்னால் ஏற வேண்டும், காலியாகப் பின்னாலேயே இறங்க வேண்டும். வேறு கியர் எதற்கு? "மேல வந்தா சரி நைனா," என்றாள் வேம்புலியம்மாள். "மூஞ்சால வந்தா இன்னா, முதுகால வந்தா இன்னா?"

பின் ஆக்ஸிலின் தொப்பை நடுவில் இருந்ததால் கவிழ்ப்பதில் சிக்கல் இல்லை. அன்றைக்கே கழற்றினோம். மூன்று வாரம் முன்னால் அவர் பார்த்துப் பார்த்து வைத்த ஸ்ப்ரிங் இருக்கையை அவரே வெட்டி எறிந்தார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நூல் பிடித்தேன். விரல் நீளம் வெல்டிங், எதிர்ப்பக்கம் விரல் நீளம், சாம்பல். அவசரமாக ஒரே இழுப்பு இழுக்கலாமா என்று அவருக்குக் கை பரபரத்தது. "பதறாத காரியம் சிதறாது, நிறுத்தி வை," என்றேன். மறுநாள் மாலை கட்டைமேல் ஓட்டியபோது புதுப் பொட்டு நாலும் சேர்ந்து இறங்கின. வார்ப்பு எழுத்து இரண்டிலும் தலைகீழாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இருந்தது.

அடுத்த நாள் காலை, ஒரு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு போய் மேட்டில் விட்டது. அங்கிருந்து கஜபதி பின்னாலேயே பள்ளத்தில் இறக்கினார். எண்ணூறு பச்சைக் கல் ஏற்றினார்கள். கஜபதி ரிவர்ஸ் போட்டார். வண்டி முன்னால் நகர்ந்தது. சேறு சக்கரத்தில் அப்பி அப்பி எழும்பியது. வேம்புலியம்மாள் பின்னால் கட்டையோடு நடந்தாள், வண்டி நின்றால் சக்கரத்தின் கீழே கொடுப்பதற்கு.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. அவர் மறுபடி உசுப்பினார். இருபது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போய் முதல் கியரைப் போட்டது. வண்டி விசுக்கென்று பின்னால் பாய்ந்தது. "அக்கா!" என்று கண்ணம்மா அலறினாள். வேம்புலியம்மாள் கட்டையைச் சக்கரத்தின் கீழே வீசிவிட்டுப் பக்கத்துச் சேற்றில் குதித்தாள். கட்டை நொறுங்கியது, வண்டி நின்றது.

அவள் சேற்றோடு எழுந்து வந்து, "இன்னா நைனா, என்னியும் கல்லாட்டம் அறுக்கலாம்னு பாத்தியா?" என்றாள். கஜபதி லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் போய்க் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"நா ஓட்ட மாட்டேன் பார்வதம். கை பழக்கம் வுடாது."

"கைய நம்பாத. ஒவ்வொரு வாட்டியும் என்னிய கேளு."

லிவரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இன்னா கியர்?"

"ரிவர்ஸ்."

வண்டி ஏறியது. மேட்டில் பாய் காத்திருந்து வண்டிக்கு முத்தம் கொடுக்காத குறை. இறக்கினார்கள். "இன்னா கியர்?" "மொதலு." பின்னாலேயே இறங்கினோம். அன்றைக்குப் பதினெட்டு நடை. மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு நடைக்கும் அவர் கேட்பார், நான் சொல்வேன். ஒருமுறைகூடக் கேட்காமல் லிவரைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், கடைசிச் சுமையை ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. லாரியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஐந்நூறு கல் மிச்சம். வேம்புலியம்மாள் அதன் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றாள். கல்லின் முனை மழுங்கியது, பிறகு மேலே பதித்த விரல் தடம் போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை சரிந்து சேறாயிற்று. முப்பதாயிரமும் இப்படித்தான் போயிருக்கும்.

"வுடு," என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து. "அது மண்ணு கேட்ட பங்கு. மீதி மேல கூரைக்குள்ள கீதுல்ல? கௌம்புங்க."

கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. முன்னால் தடமே தெரியவில்லை. கஜபதி எஞ்சினை உசுப்பி, லிவரின் மேல் கையை வைத்தார். இரண்டு நாளில் அவர் என்னிடம் எத்தனை கேள்வி கேட்டுவிட்டார்! மூன்றுக்கு மேல் பதில் கிடையாது என்று சொல்லிக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இன்னா கியர், பார்வதம்?"

"ரிவர்ஸ்யா," என்றேன். "மெதுவா ஏறு."

கியரைப் போட்டார். கிளட்சிலிருந்து காலை எடுக்காமல், மழையையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு அந்த எழுத்து ஏன் தலகீயா கீதுன்னு கேட்டியே," என்றார், "இன்னொரு வாட்டி கேளேன்."

நான் கேட்டேன். ஏற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.